பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தல்: யாருக்கு வாக்கு உண்டு?

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டு, மாணவர் விசா. லெஸ்டர் வந்து மூன்று மாதம். வாக்களிக்கலாமா?

பதில்: தாராளமாக. பொதுநலவாய (Commonwealth) நாட்டுக் குடியுரிமை (இந்தியா, இலங்கை இதில் சேரும்), செல்லுபடியான விசா, இங்கே வசிப்பிடம், வாக்களிப்பு நாளில் 18 வயது. இவ்வளவு இருந்தால் போதும். இத்தனை வருடம் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயர் வேண்டும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஜெர்மன் பிரஜை, பிறந்தது யாழ்ப்பாணம். 2012 முதல் ஹாரோவில் வரி கட்டுகிறேன். நேற்று வந்த மாணவருக்கு உண்டு, எனக்கு இல்லையா?

பதில்: இல்லை. வரியையோ வருடங்களையோ பார்ப்பதில்லை, குடியுரிமைதான் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அயர்லாந்து, சைப்ரஸ், மால்டா குடிமக்களுக்கு மட்டுமே இந்த வாக்கு. ஐரோப்பா வழியாக இங்கே வந்த நம்மவர் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். ஜெர்மன் குடியுரிமை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். பிறந்த ஊர் உதவாது. இலங்கை இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் கதை வேறு. பதியும்போது இரண்டையும் எழுதுங்கள். ஜெர்மன் என்று மட்டும் எழுதினால் உள்ளூராட்சித் தேர்தலோடு நிறுத்திவிடுவார்கள். அந்தத் தேர்தலுக்கு வாக்களிப்பு அறிவிப்பு அட்டை வந்ததே என்று இதற்கும் போய் நிற்க வேண்டாம்.

கேள்வி: அகதிக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது, வேறு விசா இல்லை.

பதில்: இப்போது முடியாது. கோரிக்கை முடியும்வரை தடுத்து வைக்காமல் வெளியே இருக்க விடும் 'இமிகிரேஷன் பெயில்' வதிவிட அனுமதி ஆகாது. அந்தஸ்து கிடைத்ததும் இலங்கைப் பிரஜையாகவே பதியலாம்.

கேள்வி: இடாப்பில் பெயர் இருந்தும் வாக்குச்சாவடியில் திருப்பி அனுப்பினார்களே?

பதில்: படமுள்ள அடையாள அட்டை கொண்டுபோகவில்லை போலும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸில் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டே போதும். காலாவதியானாலும் முகம் ஒத்துப்போனால் சரி. பல்கலைக்கழக அட்டை, போனில் எடுத்த படம் எதுவும் செல்லாது. நம் பெயர்களில் இன்னொரு வில்லங்கம்: கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னால், இடாப்பில் கணவர் பெயர் பின்னால். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். அட்டையே இல்லாதவர், தேர்தலுக்கு 6 வேலை நாட்களுக்கு முன், மாலை 5 மணிக்குள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: பிரித்தானியப் பிரஜையான அப்பா 2001 இல் சென்னைக்குத் திரும்பிவிட்டார்.

பதில்: வெளிநாட்டில் 15 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தால் வாக்கு இல்லை என்ற எல்லை 2024 ஜனவரி 16 இல் நீங்கியது. கடைசியாக இங்கே பதிந்திருந்த முகவரியின் தொகுதியில் பதியலாம். தபால் வாக்குச்சீட்டு சென்னை போய்த் திரும்புவதற்குள் தேர்தலே முடிந்துவிடக்கூடும். இங்கே நம்பிக்கையான ஒருவரை, அவர் சார்பில் வாக்களிக்கும் பதிலாளாக (proxy) நியமிப்பதே நல்லது.

கேள்வி: சிறையில் இருப்பவர்?

பதில்: தண்டனை பெற்று உள்ளே இருப்பவருக்கு இல்லை, விளக்கமறியலில் இருப்பவருக்கு உண்டு. பிரபுக்கள் சபை உறுப்பினருக்கும் இந்த வாக்கு இல்லை!