தோட்டத்துப் பம்பும் மகளின் மடிக்கணினியும்

கேள்வி: கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் என் மகள் இயந்திரவியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். கல்லூரியில் கணினிக்கூடம் இருக்கும்போது சொந்தமாக மடிக்கணினி தேவைதானா? மஞ்சள் விற்ற பணத்தில்தான் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கணினியே கணக்கிட்டுவிட்டால், கையால் போடும் கணக்கு மறந்துபோகாதா?
வாசகர் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தேவை என்றே சொல்வேன். செய்முறைக் குறிப்பேட்டை அழகாகத் தட்டச்சு செய்வதற்காக அல்ல. அதற்குக் கணினிக்கூடமே போதும். கூடத்தில் குறித்த நேரத்துக்குள் பயிற்சியை முடித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். 'இந்த அளவை மாற்றினால் என்ன ஆகும்?' என்ற ஐயமோ இரவில், விடுதி அறையில்தான் எழும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகம் 1980-களிலேயே, புதிதாகச் சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணினி வேண்டும் என்று விதித்துவிட்டது.

உங்கள் தோட்டத்துக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். மையவிலக்குப் பம்பின் வேகத்தைப் 10 விழுக்காடு குறைத்தால், அதற்குத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு (0.9 × 0.9 × 0.9) ஏற்பக் குறையும் என்னும் விதிப்படி, ஏறத்தாழ 27 விழுக்காடு மிச்சமாகும் என்று உங்கள் மகள் தாளில் போட்டுவிடுவாள். ஆனால் நீரைத் தூக்கும் உயரம் வேகத்தின் இருமடிக்கு (0.9 × 0.9) ஏற்பக் குறைவதால், வால்வை மூடிய நிலையில், அதாவது அதிகபட்சமாக, 50 மீட்டர் தரும் பம்பு இப்போது 40.5 மீட்டர்தான் தரும். நீர்மட்டத்திலிருந்து தொட்டி 42 மீட்டர் உயரத்தில் இருந்தால், மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. எவ்வளவு நீரைப் பம்பு எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் என்று காட்டும் வளைகோட்டையும், அவ்வளவு நீர் குழாய் வழியே தொட்டிக்குப் போக எவ்வளவு உயரத்துக்கான அழுத்தம் வேண்டும் என்று காட்டும் வளைகோட்டையும் ஒரே வரைபடத்தில் இட்டு, வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, அவை எங்கே சந்திக்கின்றன, எந்த வேகத்தில் சந்திக்காமலே போகின்றன என்று இருபது முறை பார்ப்பதற்குத்தான் சொந்தக் கணினி வேண்டும். இதற்கு எக்செல் போன்ற ஒரு விரிதாளே போதும்.

உங்கள் இரண்டாவது அச்சம் நியாயமானது. கிணற்று ஆழத்தை நாம் அடியில் சொல்கிறோம், பம்பின் விவரத்தாள் மீட்டரில் சொல்கிறது. 138 அடியை (ஏறத்தாழ 42 மீட்டர்) 138 மீட்டர் என்று உள்ளிட்டாலும் கணினி முகம் சுளிக்காமல் வரைந்து தரும். ஆகையால் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று முதலில் தாளில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவள் விடக்கூடாது.

அவசரப்பட்டு வாங்க வேண்டாம். துறையில் எந்த வரைவு மென்பொருளைக் கற்பிக்கிறார்கள் என்று மூத்த மாணவியரிடம் கேட்டறிந்து, அது இயங்கும் கணினியாகப் பார்த்து வாங்குங்கள். கணக்கீட்டுக்கு ஆக்டேவ், சைலேப், வரைவுக்கு ஃப்ரீகேட் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. மென்பொருளுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.