'4டி கியூப்' வாங்கும் முன் வண்ணங்களை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு 16 வயது. ரூபிக்ஸ் கியூப் எனக்கு உயிர். நாற்பரிமாண கியூப் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து வேறு நினைப்பே இல்லை. சேர்த்து வைத்த காசில் '4டி மேஜிக் கியூப்' என்று போட்டிருந்ததை ஆன்லைனில் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் நான்கடுக்கு கியூப். திருப்பிக் கொடுக்க முடியுமா? நிஜமான நாற்பரிமாண கியூபை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுவோம். விற்பனைப் பக்கம் மாறுவதற்குள், '4டி' என்ற சொல் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பக் காரணம் கேட்கும்போது 'பிடிக்கவில்லை' என்று போடாதீர்கள். 'சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் 4×4×4 என்றும் எழுதியிருந்தால் உங்கள் தரப்பு கொஞ்சம் பலவீனம்தான். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் தேடும் புதிருக்குக் காசே தேவையில்லை. 'மேஜிக் கியூப் 4டி' இலவச மென்பொருள். 'ஹைப்பர்ஸ்பீட்கியூப்' என்பதும் இலவசம்தான்; அதில் கீபோர்டிலேயே திருப்பலாம். என் கருத்தில் எல்லோரும் இங்கேதான் தொடங்க வேண்டும். சாதாரண 3×3×3 கியூபின் நாற்பரிமாண வடிவமான 3×3×3×3 கியூபுக்கு எட்டுப் பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் தட்டையான சதுரமாக இல்லாமல், 27 ஸ்டிக்கர் கொண்ட ஒரு குட்டி கியூபாகவே இருக்கும். மொத்தம் 216 ஸ்டிக்கர். திரையில் ஏழு பக்கங்கள்தான் தெரியும், எட்டாவது மறைந்திருக்கும். மேஜிக் கியூப் 4டியில் ஒரு பக்கத்தின் மூலை ஸ்டிக்கரைக் கிளிக் செய்தால் அந்தப் பக்கம் முழுவதும் 120 பாகை சுழலும். விளிம்பில் கிளிக் செய்தால் 180, முகத்தின் நடுவில் கிளிக் செய்தால் 90. பத்து நிமிடம் இதை மட்டும் செய்து பாருங்கள், நாலாவது பரிமாணம் விரலுக்குப் பழக ஆரம்பிக்கும்.

எடுத்த எடுப்பில் முழுதாகக் கலைக்காதீர்கள். சாதாரண கியூப் எத்தனை விதமாகக் கலைந்திருக்க முடியும் என்ற எண்ணை எழுத 20 இலக்கம் போதும். இதற்கு 121 இலக்கம் வேண்டும். இரண்டே திருப்பு கலைத்துச் சரிசெய்யுங்கள், பிறகு மூன்று, நான்கு. முழுப் புதிருக்கு வரும்போது இரண்டு வண்ணத் துண்டுகள், மூன்று வண்ணத் துண்டுகள், கடைசியாக நான்கு வண்ண மூலைகள் என்ற வரிசையில் போங்கள். நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அல்காரிதங்கள் (திருப்பு வரிசைகள்) எதுவும் வீணாகாது. கடைசிப் பக்கத்தில் அவைதான் கைகொடுக்கும்.

கையில் பிடித்துத் திருப்பும் பொருளும் உண்டு. மெலிண்டா கிரீன் வடிவமைத்த 2×2×2×2 புதிர் அது: 16 துண்டுகள், உள்ளே காந்தங்கள், பார்வைக்கு 2×2×4 கட்டை. ஏமாறாமல் இருக்க வண்ணங்களை எண்ணுங்கள். மொத்தம் எட்டு வண்ணம், ஒவ்வொரு துண்டிலும் நான்கு. ஆறு வண்ணம்தான் என்றால் அது சாதாரண கியூப் இனம். எட்டு வண்ணம் இருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். எண்முகி வடிவப் புதிரிலும் எட்டு வண்ணம் உண்டு, அதன் மூலைத் துண்டிலும் நான்கு வண்ணம் சந்திக்கும். ஆனால் அதில் ஒரு வண்ணத் துண்டுகளும் இருக்கும். நாற்பரிமாணப் புதிரின் 16 துண்டுகளில் ஒன்றில்கூட வண்ணம் குறையாது.

இன்னொன்று. தவறான திருப்பைத் தடுக்கும் அமைப்பு இதற்குள் கிடையாது. எந்தத் திருப்பு செல்லும், எது செல்லாது என்பதை நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும். விளக்கக் குறிப்பு சேர்ந்து வருகிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். திரையில் 2×2×2×2-ஐ உதவியில்லாமல் தீர்த்த பிறகு வாங்கினால் செலவு செய்த காசுக்கு முழுப் பலன் கிடைக்கும்.

கேள்வி: மகன் இதே காந்தப் புதிரைக் கேட்கிறான். வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறாள். வாங்கித் தரலாமா?

பதில்: பூட்டி வைக்க இடம் இருந்தால் மட்டும் வாங்கிக் கொடுங்கள். துண்டு உடைந்து காந்தங்கள் வெளியே வந்தால் ஆபத்து. இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடல் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, குடலில் ஓட்டையே போட்டுவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விரிசல் விட்ட துண்டை ஒட்டிப் பயன்படுத்தவும் வேண்டாம்.