7.074-இல் எஃப்டி8 படிக்கப்படாததும் சார்ஜர் இரைச்சலும்

வணக்கம் ஐயா. ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 என்ற சிறு வானொலி ஏற்பிக் கருவியை மடிக்கணினியில் இணைத்து 7.074 மெகாஹெர்ட்ஸில் கேட்கும்போது, எஃப்டி8 (அமெச்சூர் வானொலியில் குறுஞ்செய்திகளை அனுப்பும் டிஜிட்டல் முறை) கோடுகள் திரையில் தெளிவாகத் தெரிந்தும், அதைப் படிக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் ஒரு வரிகூட வரவில்லை என்றும், சார்ஜரைச் செருகினால் இரைச்சல் கூடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

நீங்கள் அனுப்பிய திரையின் படத்தில் எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) தேர்வாகியிருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இந்த 40 மீட்டர் பட்டையில் பேச்சுக்கு அதுவே மரபு. ஆனால் எஃப்டி8-க்கு எல்லாப் பட்டைகளிலும் யூஎஸ்பி எனும் மேல் பக்கப்பட்டைதான் (கணினியின் யூஎஸ்பி இணைப்பு அல்ல). எல்எஸ்பியில் தொனிகளின் வரிசை தலைகீழாகிவிடுவதால், சமிக்ஞை எவ்வளவு வலுவாக இருந்தாலும் மென்பொருளால் அதைப் படிக்க இயலாது. கணினிக் கடிகாரத்தையும் இணையத்தோடு சரிசெய்துகொள்ளுங்கள். 15 வினாடிச் சுற்றுகளில் இயங்கும் முறை என்பதால் சில வினாடிகள் பிசகினாலும் வரிகள் வராது.

சார்ஜரின் இரைச்சல் பெரும்பாலும் மடிக்கணினியோடு இணைக்கும் வடத்தின் வழியே கருவிக்கு வந்து, ஆன்டெனா கேபிளின் வெளியுறையில் ஏறிப் பரவுகிறது. 31-ஆம் வகை ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள்) வளையம் ஒன்றில் அந்தக் கேபிளைக் கருவிக்கு அருகிலேயே பல சுற்றுகள் சுற்றுங்கள். தடுப்புத்திறன் ஏறத்தாழச் சுற்றுகளின் வர்க்கத்திற்கேற்ப உயரும் என்பதால், கேபிளை ஒரே முறை நுழைத்துவிட்டுப் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். தயவுசெய்து இப்போதைக்குப் பெருக்கி எதுவும் வாங்க வேண்டாம். அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, மின்கலத்தில் மட்டும் இயக்கி, எஃப்டி8 வரிகள் வருகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.