பட்டுப் புடவைக்குப் பணம் கட்டி இரண்டு முறை ஏமாந்தேன்: இனி என்ன செய்வது?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தில், கடையை மூடுவதால் அசல் காஞ்சிபுரம் பட்டுப் புடவை 1,499 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றிருந்தது. யுபிஐ மூலம் பணம் அனுப்பினேன். இரண்டு வாரமாகியும் புடவை வரவில்லை. கூகுளில் தேடிக் கிடைத்த வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடை அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணான ‘பின்’ (PIN) எண்ணைப் போட்டதும் 9,800 ரூபாய் போய்விட்டது. இது நடந்து மூன்று நாளாகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? இத்தகைய கடைகளை முன்கூட்டியே எப்படி அடையாளம் காண்பது? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இதை மேற்கொண்டு படிப்பதற்கு முன் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையவழி நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. உங்கள் யுபிஐ செயலியின் பரிவர்த்தனை விவரத்தில் யுடிஆர் என்ற பெயரில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதையும் தொகை, தேதி, நேரம் ஆகியவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்பப்பட்டு, அந்தக் கணக்கில் எஞ்சியிருக்கும் தொகை முடக்கப்படும். எஞ்சியிருந்தால்தான் முடக்க முடியும் என்பதே இதிலுள்ள சிக்கல். மோசடிக்காரர்கள் வந்த பணத்தைச் சில மணி நேரத்திலேயே பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவதால், இரண்டு வாரத்துக்கு முன் போன 1,499 ரூபாயைப் பற்றி நான் உங்களுக்கு அதிக நம்பிக்கை தர முடியாது. 9,800 ரூபாய்க்கும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் முயன்றே ஆக வேண்டும். பணம் பெற்றவர்கள் வெவ்வேறு நபர்களாக இருக்கக்கூடும் என்பதால் இரண்டு பரிவர்த்தனைகளையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகாரைப் பதிந்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

வங்கியே இழப்பை ஈடுசெய்யும் என்று உங்களிடம் சிலர் சொல்லியிருக்கலாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் பறிபோயிருந்து, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், வாடிக்கையாளர் இழப்பை ஏற்க வேண்டியதில்லை. பின் எண்ணைத் தாமே போட்ட பரிவர்த்தனைக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது. கட்டணம் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று இனி யாராவது அழைத்தால் அது மூன்றாவது மோசடி என்றே கொள்ளுங்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் தொலைபேசி எண்கள் மோசடிக்காரர்களுக்குள் கைமாறுகின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இரண்டாவது இழப்பு. புடவைக்குப் போனதைவிட ஆறு மடங்குக்கும் மேலான தொகை, அதைத் திரும்பப் பெறும் முயற்சியில் போயிருக்கிறது. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. பணம் தருவதாகச் சொல்பவர் அந்த எண்ணை இடச் சொன்னால், உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறப் போகிறது என்றே பொருள். தேடுபொறியில் தெரியும் சேவை எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றிவிடலாம் என்பதால், அந்தந்த நிறுவனத்தின் செயலிக்குள்ளோ கிடைத்த ரசீதிலோ உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பினாலும் உடனே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

இனி, கடையை அடையாளம் காண்பது. முதல் தடயம் விலைதான். தூய பட்டு நூலும் ஜரிகையும் கொண்டு தறியில் பல நாட்கள் நெய்யப்படும் காஞ்சிபுரம் புடவைக்கு, நெசவாளரின் கூலியைச் சேர்க்காமல் மூலப்பொருளுக்கு மட்டுமே 1,499 ரூபாய் போதாது. கடை மூடல், கிடங்கைக் காலி செய்தல், இன்னும் பத்து நிமிடம் மட்டுமே என்று ஓடும் கடிகாரம் எல்லாம் நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலிருக்கச் செய்யும் ஏற்பாடுகள். இப்படிப் பொய்யான அவசரத்தை உண்டாக்குவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன.

அடுத்து, பின் எண்ணைப் போடுவதற்கு முன் திரையில் தோன்றும் பெயரைப் படியுங்கள். பணம் பெறுபவர் வங்கியில் பதிவு செய்துள்ள பெயர் அது. பெரிய ஜவுளி நிறுவனத்தின் பெயரில் விளம்பரம் இருக்க, அந்த இடத்தில் தொடர்பில்லாத தனிநபர் ஒருவரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். தளத்தில் ஜிஎஸ்டி எண் இருந்தால், ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைத் தேடி, யாருடைய பெயரில் எந்த ஊரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பதினைந்து எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. காஞ்சிபுரத்துக் கடை என்று சொல்லிக்கொண்டு வேறு எண்ணில் தொடங்கினால் காரணம் கேளுங்கள். முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னம் தகவல் இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்படுவதை மட்டுமே காட்டும். கடைக்காரர் நேர்மையானவரா என்பதை அது சொல்லாது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களிடம் ஜிஎஸ்டி எண் இருக்காது, பணமும் தனிநபர் பெயருக்குத்தான் போகும். அவர்களை மோசடிக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வீடியோ அழைப்பில் அந்தப் புடவையையே விரித்துக் காட்டச் சொல்லுங்கள், அவரிடம் முன்பு வாங்கிய யாரையாவது விசாரியுங்கள். உண்மையான விற்பனையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். பட்டு என்று சொன்னால், தூய பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரை உண்டா என்று கேட்பதிலும் தவறில்லை.

பெயரும் முகவரியும் உள்ள நிறுவனம் பொருளைத் தராமல் இழுத்தடித்தால் அது வேறு விஷயம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் தொடுக்கலாம். மறைந்துவிட்ட போலிக் கடைக்கு இந்த வழி பயன்படாது என்பதால்தான் உங்களை முதலில் 1930க்கு அனுப்பினேன்.

விளம்பரம், உரையாடல், பணம் செலுத்திய திரை ஆகியவற்றின் படங்களை அழிக்காமல் வையுங்கள். உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் இப்போது அவர்கள் கையில் இருப்பதால், நீங்கள் கேட்காத பார்சல் ஒன்று ‘கேஷ் ஆன் டெலிவரி’யாக வாசலுக்கு வரக்கூடும். நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் பணம் கொடுத்து அதை வாங்கிவிடாதபடி இன்றே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.