விண்வெளி மருத்துவர் யாருடைய மருத்துவர்?

அன்புள்ள ஐயா,

விண்வெளிப் பயணிகளின் உடல்நலம் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் ஸ்பேஸ்எக்ஸ் என்ற ராக்கெட் நிறுவனத்துடன் இணைந்து நடத்தும் விண்வெளி மருத்துவப் பயிற்சியில் சேர எனக்கு ஆசை. வணிக நிறுவனத்திடம் மருத்துவர் பயிலலாமா என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். திறமையைக் கற்பதே நம் வேலை, மற்றவை வழக்கறிஞர்களின் கவலை என்பது என் எண்ணம். வெளிநாட்டவருக்கு இடம் கிடைக்குமா? இங்கே இரவுப்பணிகளில் என் காலம் வீணாவதாகத் தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள மருத்துவருக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் டீக் ஸ்லேட்டனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1959-ல் நாசா தேர்ந்தெடுத்த முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவர் அவர். இதயத்துடிப்பு சீராக இல்லை என்று 1962-ல் அவரைத் தடுத்துவிட்டார்கள். 1975-ல்தான் அவரால் விண்வெளிக்குப் போக முடிந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளைக் கண்முன்னே பார்த்த விண்வெளி வீரர்கள், தங்களுக்கு ஏதேனும் தொல்லை வந்தால் மருத்துவரிடம் மனம்விட்டுச் சொல்லியிருப்பார்களா?

வெளிநாட்டவருக்கு இடமுண்டா என்பதைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். ராக்கெட் நிறுவனங்களுக்குள் வெளிநாட்டவர் பணிபுரிவதை அமெரிக்க ஏற்றுமதிச் சட்டங்கள் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இரவுப்பணி வீண் என்று நீங்கள் எழுதியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த ஒருவருக்குக் கழுத்துச் சிரையில் இரத்தம் உறைந்திருந்தது அல்ட்ராசவுண்டில் தெரியவந்த நிகழ்வு, 2020-ல் மருத்துவ இதழில் வெளியானது. அங்கே கையிருப்பில் இருந்த உறைதல் தடுப்பு ஊசிமருந்து கொஞ்சம்தான். அதை அளந்து அளந்து கொடுத்து, சரக்குக்கலம் மாத்திரையைக் கொண்டுவரும்வரை நாளைக் கடத்தினார்கள். இருப்பதை வைத்து விடியும்வரை ஓர் உயிரைக் காக்கும் இந்த வித்தையை நீங்கள் தினமும் செய்துவருகிறீர்கள் அம்மா. அதை வீண் என்று இனி எழுதாதீர்கள்.

வணிகப் பயணங்களால் மருத்துவம் பெற்ற நன்மையை நான் மறுக்கவில்லை. 2021 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் நால்வர் சென்ற இன்ஸ்பிரேஷன்4 என்ற பயணத்தில் இடம்பெற்ற ஹேலி ஆர்சனோ, சிறுவயதில் எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். காலுக்குள் செயற்கை எலும்பு பொருத்தப்பட்டவர். நாசாவின் பழைய அளவுகோல் அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். அத்தகைய உடல்களை எடையின்மை என்ன செய்கிறது என்று அறிய இந்தக் கூட்டு முயற்சிகள்தான் வழி திறந்தன.

ஆனால் ‘மற்றவை வழக்கறிஞர்களின் கவலை’ என்கிறீர்களே, அங்கேதான் நீங்கள் தவறுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாலையில் நிறுவனமே சம்பளம் கொடுத்து வைத்திருந்த மருத்துவர் ஒருவர் இருந்தார். கைராசிக்காரர், நல்ல மனிதர். பஞ்சுத்தூசிக்கு நடுவே வேலை பார்த்த என் சித்தப்பாவுக்கு, விடுமுறை கழிந்து ஆலைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு இறுகும். அதை அந்த மருத்துவரிடம் அவர் ஒருநாளும் சொல்லவில்லை. பேருந்து பிடித்து வெளியூர் போய் மருந்து வாங்கிவந்தார். சொன்னால் மேலாளரின் காதுக்குப் போகும், வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. மறைக்க முடியாத நிலை வந்தபோது நுரையீரல் பெரும்பாலும் கெட்டுவிட்டிருந்தது. மருத்துவரின் திறமையில் எந்தக் குறையும் இல்லை. அவர் யாருடைய மருத்துவர் என்பதுதான் சித்தப்பாவைத் தடுத்தது.

விண்கலத்தில் இந்தப் பயம் இன்னும் பெரிது. பெரும்பணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பயணி, ஏவுதலுக்கு முந்தைய நாள் தனக்கு நெஞ்சுவலி என்று நிறுவனத்தின் மருத்துவரிடம் எதற்காகச் சொல்வார்? சட்டமும் உங்களுக்குத் துணை வராது. வணிக விண்கலங்களில் செல்லும் பயணிகளின் பாதுகாப்பு குறித்து அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதிகள் இயற்றுவதை அந்நாட்டு நாடாளுமன்றம் 2004 முதல் பெருமளவு தடுத்துவைத்திருக்கிறது. அந்தத் தடையை 2028 ஜனவரி 1 வரை நீட்டித்துமிருக்கிறது. அதுவரை ஆபத்தை அறிந்தே வருகிறேன் என்று பயணி போடும் கையெழுத்துதான் முக்கியக் காப்பு. அந்த ஆபத்தை அவருக்குப் புரியும்படி சொல்லவேண்டியவர் நீங்கள். சொன்னால் பயணச்சீட்டு ரத்தாகலாம் என்று தெரிந்தும் சொல்லவேண்டும். இதை எந்த வழக்கறிஞர் உங்களுக்காகச் செய்வார்?

பயணிகளின் இரத்தமும் அல்ட்ராசவுண்டு படங்களும் ஆய்வுக்குப் போவதும் இதே கேள்விதான். நான்கே பேர் சென்ற, உலகமே பெயரறிந்த பயணத்தில் பெயரை நீக்கிவிட்டு ரகசியம் காத்தோம் என்று சொல்லிவிட முடியாது.

இதனால்தான் பல்கலைக்கழகத்தின் பங்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கலத்தையும் பயணிகளையும் நிறுவனம் தரட்டும். பயிலும் மருத்துவரின் சம்பளமும் மதிப்பீடும் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கட்டும். நிறுவனத்துக்குப் பிடிக்காத ஒரு முடிவை எடுத்த பிறகும் அவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு மருத்துவமனை இருக்கவேண்டும்.

விண்ணப்பியுங்கள், உங்களைப் போன்ற அவசர மருத்துவர்கள் அங்கே தேவை. நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: என் அறிக்கை யாருக்குப் போகும்? இந்தப் பயணி போகக்கூடாது என்று நான் எழுதினால் அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்திடுங்கள்.

அன்புடன்.