கெட்டமைன்: ஃபீனிக்ஸிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கோயில் மாலை வகுப்பில் படித்த தமிழ் இது, பிழை இருந்தால் மன்னியுங்கள். என் தம்பிக்கு 34 வயது. ஆறு வருடமாக மனச்சோர்வு. மூன்று வகை மாத்திரை மாற்றியாகிவிட்டது, வேலையும் போய்விட்டது. இப்போது மனநல மருத்துவர் கெட்டமைன் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் ஊசி வழியாக ஏற்றி, கூடவே உளவியலாளரிடம் பேசும் சிகிச்சையைச் செய்து பார்க்கலாம் என்கிறார். அம்மா வேண்டவே வேண்டாம் என்று அழுகிறார். எங்கள் மாமா மகன் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஷுகர்ஸ் என்ற போதைப்பொருளால் செத்தவன். "ஒருத்தனைக் கொடுத்தது போதாதா?" என்கிறார். கெட்டமைனால் அமெரிக்க நடிகர் மேத்யூ பெரி இறந்த செய்தியை ஃபோனில் எடுத்துக் காட்டுகிறார். குதிரைக்குப் போடும் மயக்க மருந்து என்கிறார் பெரியப்பா. காவடி எடுக்கட்டும், அருள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கோயிலில் ஒருவர். உங்கள் வீட்டில் இந்தச் சிகிச்சை நடந்ததாக ஒரு கட்டுரையில் ஒரே வரி எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்வீர்களா? என் பெயர் வேண்டாம்.

வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அம்மா. அவர் சொல்வதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2000-களின் நடுவில் ஷுகர்ஸ் சாட்ஸ்வொர்த்துக்குள் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். எங்கள் தெருவில் ஒரு தாய் கேட்டைப் பூட்டிக்கொண்டு, வெளியே நின்ற சொந்த மகனுக்குக் கம்பி இடுக்கு வழியாக ரொட்டியை நீட்டியதைப் பார்த்தவள் நான். உள்ளே விட்டால் சமையலறைக் குழாயைக் கழற்றி விற்றுவிடுவான். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த ஒரு தாய்க்கு இந்தப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. ஷுகர்ஸ் தெருவில் கலக்கிற ஹெராயின் பொடி. அதில் என்னென்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. கெட்டமைன் 1962-ல் அமெரிக்காவில் பார்க் டேவிஸ் மருந்துக் கம்பெனிக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. 1970-ல் மயக்க மருந்தாக அங்கே அனுமதி கிடைத்தது. வியட்நாம் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் போட்டார்கள். பெரியப்பா சொல்வது சரிதான், குதிரைக்கும் போடுகிறார்கள். கைக்குழந்தைக்கும் போடுகிறார்கள். மூச்சை அவ்வளவாக அடக்காது என்பதால், பெரிய கருவிகள் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் இதுதான் கைகொடுக்கிறது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

மனச்சோர்வுக்கு இது உதவக்கூடும் என்று 2000-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. பத்துப் பேர்கூட இல்லாத ஆய்வு அது. அதற்குப் பிறகு நிறைய வந்துவிட்டன. வழக்கமான மாத்திரை வேலைசெய்ய வாரக்கணக்காகும், இது மணிக்கணக்கில் வேலைசெய்கிறது. மூளையில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளின் பாதையைத் தொடுகிறது. வாடிப்போன நரம்பு இணைப்புகள் மறுபடி துளிர்ப்பதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். அளவு மிகக் குறைவு: எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக. 70 கிலோ ஆளுக்கு 35 மில்லிகிராம். ஆபரேஷனுக்கு ஊசியில் போடுவது இதைப்போல் இரண்டிலிருந்து நான்கு மடங்கு.

2023-ல் அமெரிக்காவில் சுமார் 400 பேரை வைத்து இதையும் மின் அதிர்ச்சி சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வு உள்ளவர்கள். கெட்டமைன் ஏற்றியவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நல்ல முன்னேற்றம், மின் அதிர்ச்சியில் 41 பேருக்கு. நல்ல எண்தான். ஆனால் மீதி 45 பேரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஏற்றினால் அதன் பலன் ஒன்றிரண்டு வாரத்தில் கரைந்துவிடும் என்பதையும்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

என் வீட்டுக்காரர் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சியில் வேலைசெய்த தமிழர்கள் குடியிருந்த லைன் வீடுகள். 1960-களில் அதைக் காலிசெய்து ஜனங்களை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது அவருக்கு ஆறு வயது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மறுவருடமே படுக்கையோடு படுக்கையானார். பல மாத்திரைகள் பார்த்துவிட்டு, ஒரு கிளினிக்கில் மூன்று வாரத்தில் ஆறு தடவை கெட்டமைன் ஏற்றினார்கள்.

முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாய்வு நாற்காலி, கண்ணுக்குக் கறுப்புத் துணி, ஒரு கையில் ஊசி, மறு கையில் பிரஷர் பட்டை. சில நிமிடத்துக்கு ஒருமுறை பட்டை உர்ரென்று இறுகித் தளரும். கால் மணி நேரம் போயிருக்கும். "என் கை எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார். நர்ஸ் தன் உள்ளங்கையை அவர் கைக்கு அடியில் வைத்தாள். அப்புறம் தமிழில், சின்னப் பையன் குரலில், "டைகரை ஏத்தலையா?" என்றார். நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. 38 வருடக் குடித்தனத்தில் டைகர் என்று ஒரு பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கைப்பையில் கிடந்த மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் அதை எழுதி வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் காரிலேயே வாந்தி எடுத்தார். இரண்டாம் வாரம் ஒரு காலை அவராகவே எழுந்து கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் ஜன்னலில் நின்று அழுதேன். ஆறும் முடிந்தது. பத்தே நாளில் மறுபடி படுக்கை. கிளினிக்கைக் கூப்பிட்டால், இன்னொரு தடவை ஏற்றலாம் வாருங்கள் என்றார்கள். ஏற்றும்போது என்ன தோன்றியது, டைகர் யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து நாங்களாகத் தேடி ஒரு உளவியலாளரைப் பிடித்தோம். ரசீதை அவரிடம் கொடுத்தேன். மறுபடி ஏற்றுவதற்கு முன்பே மூன்று தடவை உட்காரவைத்துப் பேசினார், ஏற்றிய மறுநாள் மறுபடி பேசினார். டைகர் ஒரு நாய். சாமான் ஏற்றிய லாரியில் அதற்கு இடமில்லை. அது லாரிக்குப் பின்னால் ஓடிவந்திருக்கிறது. பையன் கத்துகிறான், அப்பா வாயே திறக்கவில்லை. நாயில் தொடங்கியது அந்த அப்பாவிடம் போய், வாரக்கணக்கில் அங்கேயே நின்றது. இப்போது மாத்திரை உண்டு, மாதம் ஒரு தடவை பேச்சு உண்டு. சில காலைகள் கெட்ட காலைகள். ஆனால் எழுந்துவிடுகிறார்.

அதனால் தம்பியின் மருத்துவரிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: ஏற்றிய மறுநாள் அவனோடு உட்காரப்போவது யார்? அதற்குப் பெயரும் நேரமும் சொல்லத் தெரியாத இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். அவனுக்கு எந்த மொழியில் அழுகை வருமோ அந்த மொழி அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்கு அது இங்கிலீஷாகவே இருக்கலாம், பரவாயில்லை.

காவடி பற்றி. நானும் நேர்ந்துகொண்டு எடுத்தவள்தான், அருளைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதை இதற்குப் பதிலாக வைக்காதீர்கள். விரதத்தில் இருப்பவன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடுவது எனக்குப் பெரிய பயம். அருள் வந்தவரை நம் ஜனங்கள் தனியாக விடுவதில்லை, பார்த்திருப்பீர்கள். ஒருவர் இடுப்பைப் பிடிப்பார், ஒருவர் விபூதி இடுவார், இறங்கியதும் ஒருவர் தண்ணீர் கொடுத்து மடியில் சாய்த்துக்கொள்வார். அந்தக் கவனத்தைத்தான் நான் கிளினிக்கிலும் எதிர்பார்த்தேன்.

மேத்யூ பெரியும் மருத்துவரிடம் முறையாக ஏற்றிக்கொண்டவர்தான். ஆனால் 2023 அக்டோபரில் இறந்த அன்று ரத்தத்தில் இருந்தது அந்த மருந்தில்லை. அது ஏற்றி ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. வெளியே வாங்கி வீட்டில் போட்டுக்கொண்டது, ஆபரேஷனுக்குக் கொடுக்கும் அளவுக்குப் போயிருந்தது. மருத்துவர் பக்கத்தில் இல்லை, பெரி தண்ணீரில் கிடந்தார். அம்மாவிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். கெட்டமைனுக்கும் அடிமையாகிறவர்கள் உண்டு, தொடர்ந்து எடுத்தால் சிறுநீர்ப்பை புண்ணாகிவிடும். வீட்டுக்கு அனுப்புகிறோம், நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் கிட்டவே போகாதீர்கள். தம்பிக்கு ரத்த அழுத்தம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது காதில் குரல் கேட்கும் நோய் இருந்ததா, போதைப் பழக்கம் இருந்ததா, எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாமா மகன் கதையையும் சேர்த்து. ஏற்றிய அன்று அவன் கார் ஓட்டக்கூடாது. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு தரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

அம்மாவுக்காக இன்னொன்று. ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் எவ்கெனி க்ருபிட்ஸ்கி என்ற மருத்துவர் 1980-களிலிருந்து கெட்டமைனையும் பேச்சு சிகிச்சையையும் சேர்த்துக் குடிநோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார். பிறகு ஹெராயினை விட்ட 70 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார். அளவு குறைவாகப் பெற்றவர்களைவிட, கூடுதலாகப் பெற்றவர்களில் அதிகம் பேர் மறுபடி ஹெராயின் பக்கம் போகாமல் இருந்தார்கள். இதைப் படித்த இரவு எனக்கு அந்தக் கேட்டும் கம்பி இடுக்கும்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். அவர் கேள்வியை அவரே கேட்கட்டும். அதுவரை தம்பியின் ராத்திரிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் காத்திருக்க வேண்டாம், மனச்சோர்வுள்ளவர்களுக்கு உதவும் சாடாக் (SADAG) அமைப்பின் 0800 567 567 எண்ணுக்கு உடனே அடியுங்கள், கட்டணம் இல்லை. முதல் தடவை போகும்போது ஒரு பேனா எடுத்துப் போங்கள். அவன் என்ன சொன்னாலும், புரியாவிட்டாலும், எழுதி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா