முதியோர் இல்லத் தட்டில் எவ்வளவு புரதம்? கேள்வி பதில்

14 ஆண்டுகளாக முதியோர் இல்லங்களுக்கு உணவுப் பட்டியல் போட்டுத் தரும் உணவியலாளர் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அம்மாவுக்கு 78 வயது, எடை 50 கிலோ. இல்லத்தில் மூன்று வேளையும் வயிறாரப் போடுகிறார்கள். ஆனாலும் கை கால் மெலிந்துகொண்டே போகிறது மேடம். புரதம் போதவில்லையோ? (மகள், தாம்பரம்)

போதவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013-ல் முதியோரின் புரதத் தேவையை ஆராய்ந்த புரோட்-ஏஜ் (PROT-AGE) என்ற சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. அப்படிப் பார்த்தால் அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். வழக்கமான ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள். காலை காபி, மூன்று இட்லி, சாம்பார்: 12 கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், மோர்: இன்னொரு 12. மாலை டீ, பிஸ்கட்: 3 கிராம். இரவுக் கஞ்சி: 4 கிராம். மொத்தம் 30-ஐச் சுற்றித்தான் வரும். வயிறு நிறைகிறது, தசைக்குக் கிடைப்பதில்லை. எடை குறைந்திருந்தால் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். எல்லா மெலிவுக்கும் சாப்பாடு காரணமாக இருக்காது.

இல்லத்து முதியவர்கள் எவ்வளவு புரதம் சாப்பிடுகிறார்கள் என்று எம்.எஸ்சி. ஆய்வு செய்கிறேன். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டு எழுதினால் போதாதா? (மாணவி, கோவை)

போதாதும்மா. மறதி உள்ளவர் சாப்பிடாததையும் சாப்பிட்டதாகச் சொல்வார். சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலையும் நம்பாதே, அது சமைத்ததைத்தான் சொல்லும். தராசு எடுத்துப் போ. பரிமாறியதும் ஒருமுறை, மீதி வைத்ததும் ஒருமுறை, ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனியாக நிறு. சோற்றில் குழம்பைப் பிசைந்துவிட்டால் பிரிக்க முடியாது, அதனால் சாம்பாரைக் கிண்ணத்தில் தனியாக வைக்கச் சொல்.

சாம்பாரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பருப்பு அடியில் தங்கும். கரண்டி போட்டுக் கலக்காமல் ஊற்றினால் முதல் பந்திக்குத் தண்ணீர், கடைசிப் பந்திக்குப் பருப்பு. இரண்டு பந்தியிலிருந்தும் மாதிரி எடு. அப்புறம், பிறந்தநாளுக்கும் திதிக்கும் வெளியார் சாப்பாடு கொடுக்கும் நாட்கள் உண்டு. அன்று வடை, பாயசம், பிரியாணி எல்லாம் வரும். அந்த நாளைத் தனியாகக் குறித்துக்கொள், சாதாரண நாளோடு சேர்க்காதே. உறவினர் கொண்டுவரும் பிஸ்கட்டையும் விட்டுவிடாதே. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவருக்குக் குடும்பத்தாரின் ஒப்புதலும் வேண்டும்.

புரதப் பவுடர் வாங்க எங்களுக்கு வசதியில்லை. வேறு வழி? (இல்ல நிர்வாகி, திருச்சி)

பவுடர் இல்லாமலே முடியும் ஐயா. ஆஸ்திரேலியாவில் 60 இல்லங்களில் 7,000-க்கும் அதிகமான முதியவர்களை வைத்து இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது, 2021-ல் வெளியானது. பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டியை மட்டும் கூட்டினார்கள். அங்கே இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது, கீழே விழுவது 11 சதவீதம் குறைந்தது. சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே கூடியதால் புகழ் முழுவதையும் புரதத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

நம் சமையலில் மோருக்குப் பதில் கெட்டித் தயிர், இரவில் ஒரு முட்டை (6 கிராம் புரதம்), கஞ்சியில் பால் பவுடர், மாலை பிஸ்கட்டுக்குப் பதில் குழைய வேகவைத்து மசித்த சுண்டல். இவ்வளவு செய்தாலே 20 கிராம் கூடும்.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. அவருக்கும் கூட்டலாமா? (மகன், மதுரை)

நீங்களாகக் கூட்டாதீர்கள். டயாலிசிஸ் தொடங்காதவருக்கும் செய்துகொள்பவருக்கும் அளவு வேறு. அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நான் பராமரிக்கும் தாத்தா நாலு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன செய்வது அக்கா? (பராமரிப்பாளர், ஈரோடு)

முதலில் பல்செட்டைப் பார் தம்பி, தளர்ந்து ஈறில் உரசலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, நீயும் எதிரே உட்கார்ந்து ஊட்டு. நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து விழுங்க வேண்டியிருக்கும், புரை ஏறும். அடிக்கடி இருமினாலோ குரல் கரகரத்தாலோ ஊட்டுவதை நிறுத்திவிட்டு, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்.

முடிந்தால் அவரை மற்றவர்களோடு பந்தியில் உட்காரவை. நெதர்லாந்தின் 5 இல்லங்களில் தட்டில் போட்டுக் கொடுப்பதை விட்டு, மேசையில் பாத்திரம் வைத்து வீடு மாதிரி பரிமாறிப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் பழைய முறையில் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு எடை சராசரியாக 1.5 கிலோ கூடுதல். நாலு வாயோடு நிறுத்துகிறார் என்றால் முதல் வாய் முட்டையாகவோ பருப்பாகவோ இருக்கட்டும், சோறு அப்புறம். இரவுச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடுகிறதா? அப்படியென்றால் காலை எட்டரை வரை 14 மணி நேரம் வெறும் வயிறு. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் கொடு.